விரலுக்கான எழுத்து

பார்வையற்றோர் படிக்க, பாஸ்டனில் சாமுவேல் ஹவ் 1830களில் ரோமன் எழுத்துகளையே தாளில் புடைக்கவைத்து அச்சிட்டார். கண்ணுள்ளவர்களும் அதைப் படிக்கலாம் என்பது அவர் பக்கத்து நியாயம். விரலின் வசதி இரண்டாம்பட்சம்.

லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட முறை கண்ணெழுத்துக்குக் கடன்படவில்லை. ஆறு புள்ளிகள், அவ்வளவுதான். வாசகன் தானே குத்தி எழுதவும் முடியும். பார்வை மங்கிய மருத்துவர் ஆர்மிட்டேஜ் 1868இல் லண்டனில் பார்வையற்றவர்களையே குழுவாகக் கூட்டினார். எழுத்தைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அதைப் படிப்பவர்கள் என்பது அவர் கட்சி. குழு பிரெயிலைத் தேர்ந்தது. அமெரிக்காவிலோ வெவ்வேறு புள்ளிமுறைகளுக்குள் சண்டை நீண்டது; இரு நாடுகளும் ஒரே பிரெயிலுக்கு உடன்பட 1932 ஆயிற்று.

இந்த வெற்றிக் கதையில் விடுபட்டுப்போகிறவர் பிரைட்டனின் வில்லியம் மூன். இருபத்தொரு வயதில் பார்வையை முற்றாக இழந்தவர். 1845இல் ரோமன் வடிவங்களைச் சில கோடுகளாகவும் வளைவுகளாகவும் குறைத்தார். ஒரே வடிவம் திரும்பி நின்றால் வேறு எழுத்து. ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம், ஏர் திரும்புவதுபோல. விரல் வரியைத் தவறவிடாது.

முதுமையில் பார்வை இழந்து, விரல்நுனியும் மரத்தவர்கள் பலருக்குப் புள்ளிகள் பிடிபடவில்லை. மூன் எழுத்து பிடிபட்டது. கண் கற்ற வடிவத்தின் நினைவு அவர்களிடம் மிச்சமிருந்தது. புதிய வடிவத்துக்காக வாதாடும் நாம் இந்த வாசகர்களை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?