செயின்ட் பெர்னார்டின் நெற்றி

1814-இல் இறந்த ஒரு நாயின் தலையை 1923-இல் மாற்றி அமைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கும் பேரிதான் அந்த நாய். ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயின் துறவிமடத்தில் வளர்ந்தது. பனியில் சிக்கிய 40-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகப் புகழ்பெற்றது. நைந்துபோன உடலைப் புதுப்பித்தவர்கள், தட்டையாக இருந்த அதன் மண்டையை அக்காலத்துச் செயின்ட் பெர்னார்ட் நாய்களுக்கு ஒப்ப மேடாக்கினார்கள். நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அந்த இனத்தின் முகம் அத்தனை தூரம் விலகிப் போயிருந்தது. பனியும் மீட்புப் பணியும் தந்த முகம் அது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஆனால் நாய்க் கண்காட்சி நடுவர்களின் கண்தான் அதை உருவாக்கியது என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது.

சுவிஸ் நாய்வளர்ப்போர் சங்கம் 1883-இல் தோன்றியது. மறு ஆண்டு அது தொடங்கிய வம்சாவளிப் பதிவேட்டின் முதல் பதிவே லெயோன் என்ற செயின்ட் பெர்னார்ட்தான். 1887-இல் சூரிச் மாநாடு இன இலக்கணத்தை ஏற்றது: அகன்ற மண்டை, துருத்திய புருவமேடு, நெற்றியிலிருந்து மூஞ்சிக்குச் செங்குத்தாக இறங்கும் சரிவு. நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைமின் பெயரால் பெர்னில் இயங்கும் அறக்கட்டளை நாய் மண்டையோடுகளைச் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. அந்தச் சேகரிப்பில் சுமார் 120 ஆண்டுக் காலத்தைச் சேர்ந்த 47 செயின்ட் பெர்னார்ட் மண்டையோடுகளை ஆய்வாளர்கள் ஏபி டிரேக்கும் கிறிஸ் கிளிங்கன்பெர்க்கும் அளந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மண்டை அகன்றிருந்தது, புருவமேடு புடைத்திருந்தது, சரிவு செங்குத்தாகியிருந்தது. இலக்கணம் கேட்டவை அத்தனையும் எலும்பில் ஏறியிருந்தன.

உடல் பெருத்ததால் தலையும் மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் மண்டையின் விகிதம் ஒன்றாக இருப்பதில்லை. ஆனால் அளவினால் வரும் மாற்றத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் வடிவ மாற்றம் எஞ்சியது. நியூஃபவுண்ட்லாந்து நாயோடு நடந்த கலப்பு காரணமாகலாம் என்றால், மடத்தில் அந்தக் கலப்பு 1887-க்கு முன்பே நடந்துவிட்டது; மண்டையோ அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

துறவிகளும் தேர்ந்தெடுத்துத்தானே வளர்த்தார்கள் என்ற மறுப்பு இன்னும் கனமானது. வளர்த்தார்கள்தான். ஆனால் அவர்களுடைய தேர்வைச் சோதிக்க மலை இருந்தது. கலப்பில் பிறந்த நீண்ட முடிக் குட்டிகளின் மேல் பனிக்கட்டி ஒட்டிக்கொள்வதைக் கண்டதும் அவற்றைப் பள்ளத்தாக்கு மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கண்காட்சி அரங்கில் அப்படிப்பட்ட சோதனை எதுவும் கிடையாது. மண்டை அகலமாக வேண்டும் என்றது இலக்கணம். எவ்வளவு அகலம் போதும் என்று சொல்லவில்லை. இன்று பரிசு வாங்கிய அகலம் அடுத்த தலைமுறைக்குச் சாதாரணமானது. வெல்ல வேண்டுமானால் அதையும் மிஞ்ச வேண்டியிருந்தது. அந்த மண்டையோடுகளில் மாற்றம் ஒரே திசையில் தொடர்ந்து சென்றதை இப்படித்தான் விளக்க முடிகிறது.