மாவலி: மணலால் வந்த பெயர்

தெல்தோட்டை மலைகளில் பெய்யும் மழை கடைசியில் போய்ச் சேருவது மாவலி ஆற்றில்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர சரிவுத் தண்ணீருக்கும் அதே வழிதான். லயத்துப் பேச்சில் 'மாவலி கங்கை'. மகாவலி அதிகார சபைப் பலகையில் 'மகாவலி'. பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு மாபலிச் சக்கரவர்த்தி நினைவுக்கு வருவான். வாமனனுக்கு மூவடி மண் கொடுத்தவனை ஆழ்வார்களும் மாவலி என்றுதானே பாடினார்கள்! ஆனால் ஆற்றுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல். பாளி நூல்களில் இந்த ஆறு 'மகாவாலுக கங்கை', அதாவது பெருமணல் ஆறு. வாலுகம் என்ற சொல் மணலைக் குறித்துத் தமிழ் அகராதியிலும் உண்டு. 'கங்கை'யோ சிங்களத்தில் பேராறுகளுக்குப் பொதுப்பெயர்: களனி கங்கை, களு கங்கை. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி இலங்கைத் தீவின் ஆறுகளில் ஒன்றைக் கங்கை என்றே குறித்தார். அது மாவலிதான் என்பது பொதுவான கருத்து. நம்மூர் தெல்தோட்டையின் பெயரும் இப்படித்தான் காதை ஏமாற்றும். 'தோட்டை' தோட்டமல்ல, 'தொட்ட' என்னும் ஆற்றுத்துறை. மாவலிக் கரைக் கட்டுகஸ்தோட்டையிலும் இருப்பது அந்தத் துறையே.

அவ்வளவு மணல் எங்கே? மலைநாட்டில் நின்று தேடினால் பாறைதான் அதிகம் தெரியும். பேராதனையைக் கடந்து, கண்டியை மூன்று பக்கமும் வளைத்து, கிழக்கே போய், மினிப்பே தாண்டி வடக்கே திரும்பிச் சமவெளியில் இறங்கியதும் ஓட்டம் தளர்கிறது. சுமந்து வந்ததை ஆறு இறக்கி வைக்கிறது. கோடையில் மனம்பிட்டிப் பாலத்தில் நின்று பாருங்கள்: தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கிப் போகும், மற்ற அகலமெல்லாம் வெள்ளை மணல். பெயர் வைத்தவர்கள் மலைக்காரர்களாக இருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

மொத்தம் 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியார் குடாவில் கலக்கிறது. தலைப்பக்கம் கொத்மலை ஓயா, நடுவில் மகாவலி கங்கை, கடலை நெருங்கிப் பிரியும் கிளை வெருகல் ஆறு. ஆற்றின் அளவும் ஊர்ப்பேச்சும் மாற மாற ஓயா, கங்கை, ஆறு என்று பொதுச்சொல்லும் மாறுகிறது.

1976இல் பொல்கொல்லையில் அணை கட்டி ஒரு பங்கு நீரைச் சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்பினார்கள். 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும் வந்தன. அணை நீரை மட்டுமா மறிக்கும்? மணலும் அங்கேயே தங்கிவிடும். மிச்சத்தை லொறிகள் அள்ளுகின்றன.

வகுப்பில் மாபலிக் கதையைச் சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாராளமாகச் சொல்லுங்கள், ஆற்றின் பெயர் மட்டும் மணலால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.