தீவகத்து ஆசிரியரும் நிரந்தர நியமனமும்

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் துறையிலிருந்து கடல் கடந்தே செல்லல் வேண்டும். கடல் கொந்தளித்தால் அவ்வழியும் அடைபடும். ஆதலின் ஊரிலேயே தங்கிக் கற்பிப்போரைத் தீவகப் பாடசாலைகள் என்றும் வேண்டி நின்றன. ஆனால், ஊருக்கு வேண்டியவர் யாவரும் இடாப்பில் இடம்பெற்றாரல்லர்.

1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின், மாணவரின் பரீட்சைப் பேற்றை அளந்தே பாடசாலைகளுக்கு உதவிப்பணம் வழங்கப்பட்டது. அது கிட்டாத பாடசாலையில் ஆசிரியரின் சம்பளம் ஊராரின் கொடையைச் சார்ந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் வசமாயின. நியமன அதிகாரமும் அதனுடன் சென்றது.

1990 முதல் போரினால் தீவகத்தார் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். அக்காலத்தும் அதன் பின்னரும் வட மாகாணத்தில் ஆசிரியர் இல்லாத வகுப்புகளைத் தொண்டராசிரியர் பலர் ஏற்று நடத்தினர். சிறு கொடுப்பனவுக்கும், சிலவிடத்து அதுவுமின்றியும், ஆண்டுக்கணக்கிற் கற்பித்தனர். 2009 இல் போர் முடிந்தபின் அவர்கள் நிரந்தர நியமனம் கோரினர். கல்வித் தகைமை, வயதெல்லை, சேவைச் சான்று என்பன பலருக்குக் குறுக்கே நின்றன.

நியமனம் பெற்று வருவோரிற் பலர் கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பர். ஊரவரோ அங்கேயே இருப்பர். வகுப்பை வெறுமையாக விடாதவரின் உழைப்பு ஏட்டில் ஏறாதொழியின், இழப்பு அவருக்கு மட்டுமன்று. தீவகத்துப் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.