களரியும் புள்ளித்தாளும்: ஈழத்துக் கூத்துப் போட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் கூத்துப் போட்டிகள் பற்றிய செய்தியை இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவோடு தொடங்குவது வழக்கம். நடுவர், புள்ளி, பரிசு என்பனவற்றையே போட்டி எனக் கொள்ளின் அவ்வழக்கம் பொருந்தும். ஆயின் கூத்துக்குப் போட்டி புதியதன்று. ஓர் ஊரார் ஆடிய கூத்தினை அயலூரார் விஞ்ச முயல்வதும், ஓர் அண்ணாவியாரின் தாளக்கட்டை மற்றோர் அண்ணாவியாரின் மாணாக்கர் குறை கூறுவதும் கிராமங்களில் நெடுங்காலம் நிலவியவை. மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து நிற்பதை நோக்குமிடத்து, கலையும் வழிபாடும் போட்டியோடு எவ்வளவு நெருங்கியவை என்பது புலனாகும். எனவே கலைக்கழகம் புகுத்தியது போட்டியை அன்று; புதியதொரு தீர்ப்பாளரையே அது புகுத்தியது எனலாம்.

பழைய தீர்ப்பு எங்ஙனம் வழங்கப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள மட்டக்களப்புக் கூத்து உருவாகும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஊர்ப் பெரியோர் கூடி ஆடவேண்டிய கூத்தைத் தீர்மானிப்பர். அண்ணாவியார் குரலும் உடற்கட்டும் பார்த்துப் பாத்திரங்களைப் பகிர்ந்து ‘சட்டங் கொடுப்பார்’. தத்தம் பகுதியைப் பெற்றுக்கொண்ட உழவரும் மீனவரும் பிற தொழிலாளரும் பகல் வேலை முடித்து இரவில் ஆடிப் பழகுவர். பல மாதப் பயிற்சி கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்னும் படிகளைக் கடந்து அரங்கேற்றத்தில் முடியும். கிழமைக் கூத்தன்று ஊரவர் திரண்டு வந்து பார்ப்பர். கால் பிழைத்தவனை அங்கேயே நகைப்பர். ஆகவே அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சூழ்ந்திருந்தோர் கதையை அறியவந்த பார்வையாளர் அல்லர். பாட்டையும் ஆட்டத்தையும் முன்னரே அறிந்து, இன்று எவ்வாறு அமைகிறது எனக் காண வந்தவர்கள். அவர்களுடைய தீர்ப்பு எழுத்தில் அமைவதில்லை. நடிகனுக்குப் போர்த்தும் சீலையிலும், வழங்கும் பணத்திலும், அடுத்த ஆண்டு அந்த அண்ணாவியாரை எவ்வூர் அழைக்கின்றது என்பதிலுமே அது வெளிப்பட்டது.

இத்தகைய கலையை இந்நூற்றாண்டின் அல்ல, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆங்கிலங் கற்ற தமிழர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு நாடகம் என்பது திரை தொங்கும் மண்டபத்தில் நிகழ்வது. பல்கலைக்கழகத்திலும் அதுவே நிலை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் பேச்சுத்தமிழை அரங்கிலேற்றிப் பெரும்பணி ஆற்றின; ஆயினும் அவை உரையாடல் நாடகங்களே. அவற்றை நெறிப்படுத்திய சு. வித்தியானந்தனைக் கூத்தின்பாற் செலுத்திய தூண்டுதல்களுள் 1956 ஆம் ஆண்டு மேடையேறிய சரச்சந்திராவின் ‘மனமே’ முதன்மையானது. சிங்கள நாடகமாகிய நாடகமவின் வடிவத்தைக் கொண்டு அந்நாடகம் பெற்ற வெற்றி தமிழருக்கு ஒரு வினாவை எழுப்பிற்று. ஏனெனில் நாடகமவின் வேர்களே தமிழ்க் கூத்தில், சிறப்பாகக் கத்தோலிக்கக் கூத்து மரபில், உள்ளன. அயலார் எடுத்தாண்டு உயர்த்திய பொருள் நம் வீட்டுப் பின்புறத்திற் கிடக்கின்றதே என்னும் உணர்வு அக்காலத்தில் வலுப்பெற்றது.

கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக வித்தியானந்தன் மேற்கொண்ட பணிகள் இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கவை. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு முதலிய பகுதிகளில் அண்ணாவிமார் ஒன்று கூட்டப்பட்டனர். கூத்து விழாக்களும் போட்டிகளும் நடைபெற்றன. பாடசாலை மாணவரும் ஆட முன்வந்தனர். ஏடுகளில் இருந்த கூத்துக்கள் அச்சேறின. அலங்காரரூபன் நாடகம் 1962 இலும், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964 இலும், மூவிராசர் நாடகம் 1966 இலும், ஞானசவுந்தரி 1967 இலும் வெளிவந்தன. தம் ஊருக்கு அப்பால் அறியப்படாதிருந்த அண்ணாவிமார் பொன்னாடை பெற்றனர். அதனை வெறுஞ் சடங்கெனத் தள்ளிவிட முடியாது. கூத்தாடுதல் இழிதொழில் எனக் கருதப்பட்ட சமூகத்தில், பேராசிரியர் ஒருவர் அண்ணாவியாரை மேடையில் அமர்த்தி மதித்தமை ஊரார் கண்ணில் அக்கலையின் தகுதியையே மாற்றியது.

ஆயினும் போட்டிக்கென ஒரு தர்க்கம் உண்டு. பல குழுக்கள் ஒரே விழாவில் ஆடவேண்டின் ஒரு குழுவுக்கு விடியும்வரை இடங்கொடுத்தல் இயலாது. எனவே கூத்துச் சுருங்கியது. வரவுப் பாட்டுக்கள் குறைந்தன. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கூறும் தருக்கள் நீங்கின. கதையின் ஓர் உச்சக்கட்டமே முழுக்கூத்தாயிற்று. இவ்வெட்டினாற் பல கூத்துக்கள் செறிவு பெற்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வரவு என்பது வீண்பொழுதன்று. ஒரு பாத்திரம் தன்னை அறிமுகஞ்செய்து களரியை வலம் வரும்போதே, அவன் அண்ணாவியாரிடம் பெற்ற தாளக்கட்டு முழுவதையும் அவையினர் அளந்துகொண்டனர். அளக்கும் வாய்ப்புச் சுருங்கவே அளப்பவரும் மாறினர்.

இடமாற்றம் இதனினும் ஆழமானது. வட்டக்களரியில் அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்பார்; சல்லரியும் பிற்பாட்டும் அவரைச் சார்ந்திருக்கும்; ஆடுவோர் அவரைச் சுற்றி வருவர். நாற்புறமும் மக்கள் இருப்பர். படச்சட்ட மேடையில் மூன்று புறமும் மூடப்பட்டன. மத்தளம் ஓரத்துக்குச் சென்றது. வட்டமாகச் சுழன்ற ஆட்டம் ஒருமுகமாகத் திரும்பிற்று. கூத்தின் அச்சாக இருந்த அண்ணாவியார் பக்கவாத்தியக்காரர் ஆனார். மதிக்கப்படுவதற்கென்றே மேடைக்கு அழைக்கப்பட்டவர், ஆட்டம் தொடங்கியதும் அம்மேடையின் ஓரத்தில் நின்றார் என்பது இவ்வரலாற்றின் முரண்.

புதிய தீர்ப்பாளர் யாவர்? பெரும்பாலும் கற்றோர். உச்சரிப்பு, நடிப்பு, ஒப்பனை, கட்டுக்கோப்பு எனப் பகுத்து நோக்கும் பயிற்சி அவர்களுக்கு இருந்தது. களரியைச் சூழ்ந்த மக்கள் அங்ஙனம் பகுத்து நோக்குவதில்லை. ஏட்டுப் பிழையான பாடலையும் குரல் நன்றாயின் அவர்கள் ஏற்பர். செம்மொழியிற் பாடினும் கால் பிழைத்தால் ஏற்கார். இருவகை அளவுகோல்களும் கலைக்கு வேண்டியவையே. ஆனால் பரிசு ஓர் அளவுகோலோடு மட்டும் இணைந்தமையால், அண்ணாவிமார் சிலரேனும் நடுவரை நோக்கிக் கூத்தைப் பழக்கத் தலைப்பட்டிருத்தல் இயல்பே.

இம்முயற்சிகளின் சிறந்த விளைவு போட்டி மேடைக்கு வெளியே தோன்றியது. 1962 இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஆடிய ‘கர்ணன் போர்’ வடமோடிக் கூத்தாகும். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் அவர்களைப் பழக்கினார். தொடர்ந்து தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’ 1963 இல் மேடையேற, பின்னர் ‘இராவணேசன்’ வந்தது. இவற்றில் ஆடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு 1969 இல் ‘சங்காரம்’ வழியாகச் சாதி, வர்க்க ஒடுக்குமுறைகளைக் கூத்தின் ஆட்டத்தாற் பேசினார். வடக்கிலே ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சுருங்கிய கூத்து, மேடைக் கூத்து எனக் குறை கூறப்பட்ட அவ்வடிவமே இதற்கு இடமளித்தது என்பதைக் குறை கூறுவோர் மறத்தலாகாது.

போட்டி முறை பின்னர்ப் பாடசாலைகளில் நிலைபெற்றது. கல்வி அமைச்சின் தமிழ்த்தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்து ஒரு பிரிவு. வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக மாணவர் முன்னேறுவர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஊர்க் களரிகளை இழந்த கிராமங்கள் பல. அத்தகைய காலத்திலும் தாளக்கட்டு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்லப் பாடசாலைப் போட்டி ஒரு வழியாக இருந்தது. அங்குப் பழக்குபவர் பெரும்பாலும் ஆசிரியர். சில பாடசாலைகள் ஊர் அண்ணாவியாரையும் அழைத்துக்கொள்கின்றன.

2000 ஆம் ஆண்டின் பின் மட்டக்களப்புச் சீலாமுனையிலே சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். மேடைக்கேற்பக் கூத்தைச் சுருக்குதல் அவர்கள் நோக்கமன்று. ஊரவர் தாமே கூடிக் கதையையும் பாத்திரங்களையும் விவாதித்து மாற்றினர். ஆடல் மீண்டும் வட்டக்களரிக்கு வந்தது. அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவிலே நின்றார்.