கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

பழைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை மறுபதிப்பு செய்கிறவர்கள், அதிலிருந்த முப்பது கோட்டோவியங்களை வெக்டராக மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். எல்லாம் மை தொட்டு வரைந்த படங்கள். ஸ்கேன் செய்தேன், மென்பொருளில் போட்டேன், தானாக டிரேஸ் செய்யும் கட்டளையை அழுத்தினேன். ஒரு படத்துக்குச் சில விநாடிகள். ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது.

மறுநாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓவியரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே படத்தை நெடுநேரம் பார்த்தார். குளத்தங்கரையில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கும் படம் அது.

"படம் என்னுதுதான் தம்பி. கோடு என்னுது இல்லையே."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மூலத்தையும் என் கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். முந்தானை முடிகிற இடத்தில் பேனாவில் மை தீர்ந்து, கோடு பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருந்தது. மென்பொருள் அதைத் தூசி என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிட்டது. முழங்கையில் வெடுக்கென்று திரும்பிய கோடு வழவழவென்று வளைந்திருந்தது. அவர் சொன்னது சரி.

இந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அது ஓவியர்களிடமிருந்து வரவில்லை. பிரான்சின் கார் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது.

கணினிக்கு முன்பு நீளமான வளைவு வரைவது ஒரு கைத்தொழில். கப்பல் கட்டுகிறவர்கள் மெல்லிய மரப்பட்டையை ஈயக் கட்டிகளால் அங்கங்கே அழுத்தி வளைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். அந்தப் பட்டைக்கு ஸ்ப்லைன் என்று பெயர். கார் உடலும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தது. ஒருவர் வரைவார், இன்னொருவர் அதை முழு அளவில் வரைவார், மூன்றாமவர் மாதிரி செய்வார், அதை வைத்து அச்சு செய்வார்கள். ஒவ்வொரு கையும் வளைவைக் கொஞ்சம் மாற்றும். எண்களைக் கொடுத்தால் உலோகத்தை வெட்டும் இயந்திரங்கள் 1950களில் வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது: ஒரு வளைவை எப்படி எண்ணாகச் சொல்வது?

1958இல் சித்ரோன் நிறுவனத்தில் சேர்ந்த பால் த காஸ்தல்ஜோ என்ற இளம் கணிதவியலாளர் அடுத்த ஆண்டே ஒரு வழி கண்டுபிடித்தார். வளைவின் மேலேயே நிறையப் புள்ளிகளைக் குறித்து இணைக்காமல், வளைவுக்கு வெளியே சில புள்ளிகளை வைத்து அதைத் தன் பக்கம் இழுக்க வைத்தார். நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி புள்ளியைத் தொடுவதில்லை, ஆனால் எங்கே வளைய வேண்டும் என்பதைப் புள்ளிதான் சொல்கிறது.

பென்சிலிலேயே செய்து பார்க்கலாம். நான்கு புள்ளிகளை வரிசையாக மூன்று கோடுகளால் இணையுங்கள். மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒன்று. அதன் நடுப்புள்ளி வளைவின் மேல் இருக்கும். நடுப்புள்ளிக்குப் பதிலாகக் கால் பங்கு, முக்கால் பங்கு என்று வேறு வேறு விகிதத்தில் எடுத்துக்கொண்டே போனால் முழு வளைவும் கிடைத்துவிடும். அவ்வளவுதான் கணக்கு.

சித்ரோன் இதை வெளியே விடவில்லை. போட்டி நிறுவனமான ரெனோவில் பியேர் பெசியே என்ற பொறியாளர் 1960களில் வேறு வழியாக இதே வளைவுக்கு வந்துசேர்ந்தார், அதை வெளியிடவும் செய்தார். எனவே உலகம் அதைப் பெசியே வளைவு என்கிறது. காஸ்தல்ஜோவின் அறிக்கைகள் நிறுவனத்துக்குள்ளேயே கிடந்தன. இன்று அவர் பெயர் அந்த நடுப்புள்ளிக் கணக்குக்கு மட்டும் உண்டு. 2022இல் இறந்தார்.

காரிலிருந்து காகிதத்துக்கு இந்த வளைவைக் கொண்டுவந்தது அடோபி நிறுவனம். 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி, எழுத்தையும் படத்தையும் பெசியே வளைவுகளாகவே விவரித்தது. நீங்கள் இப்போது வாசிக்கும் ‘ழ’வின் சுழியும் இதே குடும்பத்து வளைவுதான். 1987இல் இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. அடோபியின் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் மனைவி மார்வா கிராஃபிக் டிசைனர். அவர் செய்துவந்த மாதிரியான வேலையை மனதில் வைத்தே அது உருவானது. ஸ்கேன் செய்த படத்தை அடியில் மங்கலாக வைத்து, மேலே பென் டூலால் புள்ளி வைத்து இழுக்க வேண்டும். எங்கே புள்ளி வைப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்தார்.

பிறகு அந்த முடிவையும் இயந்திரத்திடம் விட்டோம். பீட்டர் செலிங்கர் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய போட்ரேஸ் இன்று இங்க்ஸ்கேப்புக்குள் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லையை அது நேர்கோட்டுத் துண்டுகளாக மாற்றும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் இது முனையா, வளைவா என்று தீர்மானிக்கும். ரொம்ப அழகான வேலை. ஆனால் அதற்குக் கோடு என்று ஒன்று தெரியாது, கறுப்புப் பரப்புதான் தெரியும். ஆற்றின் இரண்டு கரைகளையும் துல்லியமாக அளந்துவிடும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லாது. எவ்வளவு சின்னப் புள்ளி தூசி, எவ்வளவு கூரானது முனை என்பதற்கெல்லாம் தனித்தனி எண்கள் உண்டு. அவற்றை நாம் மாற்றலாம். நான் தொடவே இல்லை. கிழவியின் முந்தானையை அழித்தது இயந்திரம் அல்ல, நான்தான்.

மறுபடி ஓவியரிடம் போய், ஒவ்வொரு படத்தையும் காட்டி, "ஐயா, இதை எங்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு விரலைக் காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே வைத்து, காற்றிலேயே வரைந்து காட்டினார். சில இடத்தில் விரல் நின்றது, சில இடத்தில் சட்டென்று ஓடியது. நின்ற இடங்களில் நான் புள்ளி வைத்தேன். முந்தானையின் பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வரைந்தேன். சில விநாடி வேலை மூன்று வாரமானது. கூலி அதேதான்.

கோப்புகளை அனுப்புவதற்கு முன் விவரப் பகுதியைத் திறந்தேன். ‘உருவாக்கியவர்’ என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் என் பெயரைப் போட்டு வைத்திருந்தேன். பழைய பதிப்பைப் புரட்டிப் பார்த்தேன். எழுத்தாளர் பெயர், பதிப்பாளர் பெயர், அச்சகத்தின் பெயர்கூட இருந்தது. படம் வரைந்தவர் பெயர் எங்குமில்லை.

முப்பது கோப்புகளிலும் என் பெயரை அழித்து அவர் பெயரைத் தட்டச்சு செய்தேன். புத்தகத்திலும் போடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதினேன். புதிய பிரிண்ட்டை அவரிடம் கொண்டுபோனபோது இந்தத் தடவையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முந்தானை முடிகிற இடத்தில் விரலை வைத்தார்.

"ஆமா, அன்னிக்கு மை தீர்ந்துதான் போச்சு" என்றார்.