பதிவேட்டில் விடுபட்ட பதக்கம்: தாத்தாவின் சேவைக்குச் சான்று தேடுவது எப்படி?

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் லயத்து வீட்டிலிருந்து எடுத்து வந்த பொருள்களில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பழைய அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, கல்யாணப் படம் எல்லாம் அதில்தான் கிடக்கும். சில பெட்டிகளில் சீருடை அணிந்த ஓர் இளைஞரின் கறுப்பு வெள்ளைப் படமும் இருக்கும். "தாத்தா எஸ்.சி.யா இருந்தாரு, காட்டுக்குள்ள எல்லாம் போயிருக்காரு" என்று பாட்டி சொல்வார். பதக்கம் கொடுத்தார்களா என்று கேட்டால் பதில் வராது.

கொடுத்தும் தொலைந்திருக்கலாம். கொடுக்க வேண்டியது கொடுபடாமலே போயிருக்கலாம். பெயர் பதிவேட்டில் ஏறாமலும் இருந்திருக்கலாம். இந்த மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், சரிசெய்யும் வழி வேறு வேறு. அது தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

எந்தக் காலம், எந்தச் சேவை?

முதலில் காலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. இந்த 70 நாள் போரில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகளோடு இந்திய இராணுவத்தினரும் உள்ளூர்த் தொண்டர் படையினரும் இருந்தனர்.

அடுத்தது அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம், 1960 ஜூலை 31ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தது. ரப்பர்த் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டனர். இவர்களைத்தான் நம்மவர்கள் எஸ்.சி. என்றார்கள். உச்ச காலத்தில் இவர்கள் எண்ணிக்கை 40 ஆயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் மலாய்க்காரர்கள் என்றாலும் இந்தியர்களும் இதில் இருந்தனர். பிரிட்டிஷ் இராணுவத்தின் போக்குவரத்து, பொறியியல், தொலைத்தொடர்புப் பிரிவுகளிலும் உள்ளூர் ஆட்கள் சேர்க்கப்பட்டனர்.

பிறகு இந்தோனேசியாவுடனான மோதல் காலம். அதன்பின் 1968இல் மீண்டும் தலைதூக்கிய கம்யூனிஸ்டு ஆயுதப் போராட்டம், 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில் உடன்பாடு கையெழுத்தாகும் வரை நீடித்தது. இந்தக் காலத்தவர்கள் மலேசிய ஆயுதப் படையிலும் போலீசிலும் பணியாற்றியவர்கள்.

பதக்கங்களை அடையாளம் காண்பது

மலாயாப் போரில் களப்பணி ஆற்றியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசின் 'பசிபிக் ஸ்டார்' உண்டு. போர்க்காலத்தில் 28 நாள் முழுநேரப் படைச் சேவை செய்தவர்களுக்கு '1939–45 போர்ப் பதக்கம்' உண்டு. பிரிட்டனில் வழங்கப்பட்ட இந்தப் பதக்கங்களில் பெறுபவரின் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியாவில் வழங்கப்பட்டவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. பெயரில்லாத நட்சத்திரம் ஒன்று வீட்டில் இருந்தால், அது தாத்தாவுடையது என்பதற்கு அதுமட்டும் ஆதாரமாகாது.

அவசரகாலப் பணிக்குரியது 'ஜெனரல் சர்வீஸ் மெடல்'. வெள்ளியால் ஆனது. ரிப்பனில் 'மலாயா' என்று எழுதிய சிறு தகடு இருக்கும். இராணுவத்தினருக்கு மட்டுமின்றிப் போலீசாருக்கும் எஸ்.சி.க்களுக்கும் இது வழங்கப்பட்டது. இதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை தெரியும்.

ரிப்பன் நிறமும் தகவல் சொல்லும். அவசரகாலப் பதக்கத்தின் ரிப்பன் ஊதா நிறம், நடுவில் பச்சைக் கோடு. 1962க்குப் பிறகு வந்த ஜெனரல் சர்வீஸ் மெடலின் ரிப்பனும் ஊதாதான், ஆனால் பச்சை இரு ஓரங்களிலும் இருக்கும். மோதல் காலத்தில் போர்னியோவிலும் தீபகற்பத்திலும் பணியாற்றிய பிரிட்டிஷ் படையினருக்கு இந்த இரண்டாவது பதக்கம் கிடைத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. ஆனால் கோடு நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதைக் கவனித்தால் எந்தக் காலத்துச் சேவை என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் சேவை செய்தவர்களுக்காக மலேசிய அரசாங்கம் பின்னாளில் 'பிங்காட் ஜாசா மலேசியா' என்ற பதக்கத்தை ஏற்படுத்தியது. காமன்வெல்த் நாட்டு வீரர்களுக்கும் அது வழங்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதிகாரப்பூர்வமாக அணியக்கூடாது என்று 2006இல் பிரிட்டிஷ் அரசாங்கம் முடிவு செய்தது. முன்னாள் வீரர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2011இல் அந்தத் தடை நீக்கப்பட்டது.

மூன்று வகை விடுபடல்

முதல் வகை: தகுதி இருந்தது, பதிவேட்டிலும் இருக்கிறது, பதக்கம் மட்டும் கைக்கு வரவில்லை. இது பலர் நினைப்பதைவிடச் சாதாரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டிஷ் இராணுவத்தினர் தங்கள் பதக்கங்களுக்குத் தாங்களே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். இந்த வகையில் பதிவைத் திருத்த வேண்டியதில்லை. வழங்கும்படி கேட்டால் போதும்.

இரண்டாம் வகை: தகுதி இருந்தது, பதிவேட்டில் ஏறவில்லை, அல்லது தவறாக ஏறியிருக்கிறது. இங்கேதான் திருத்தம் வேண்டும். சேவையை நிரூபித்துப் பதிவைச் சரிசெய்யாமல் பதக்கம் வராது.

மூன்றாம் வகை: வீரச்செயலுக்கு உரிய விருது கொடுக்கப்படவே இல்லை, அல்லது குறைந்த விருது கொடுக்கப்பட்டது. இது குமாஸ்தா செய்த பிழையன்று, அன்றைய அதிகாரிகள் எடுத்த முடிவு. அதை மாற்றப் பரிந்துரையும் மறுவிசாரணையும் தேவைப்படும். தனிக் குடும்பம் ஒரு கடிதத்தில் சாதிக்கக்கூடியதல்ல.

தொலைந்த பதக்கத்துக்கு மாற்றுக் கேட்பது இவற்றில் சேராது. அது வேறு விண்ணப்பம், வேறு விதி. களவு, தீ, வெள்ளம் என்று காரணத்துக்குச் சான்று கேட்கப்படும்.

பெயரில் வரும் சிக்கல்

பதிவேடுகள் போரில் அழிந்தன, அலுவலகம் மாறியபோது சிதறின என்பது எல்லா இனத்தவருக்கும் பொது. தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அது பெயர்.

ராமசாமி என்று தமிழில் எழுத ஒரே வழிதான். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து 'ஐ'யாகவும் இருக்கும், 'ஒய்'யாகவும் இருக்கும். நடுவில் ஒரு 'டபிள்யூ' நுழைந்து ராமஸ்வாமி ஆவதும் உண்டு. சேர்க்கும் இடத்தில் இருந்த எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். தோட்டத்துக் கிராணி செக்ரோலில் வேறு மாதிரி எழுதினார். 1948இல் அவசரகாலத்தோடு அடையாளக் கார்டு வந்தபோது மூன்றாவது எழுத்துக்கூட்டல் சேர்ந்தது. தகப்பன் பெயர் ஒரு தாளில் முன்னெழுத்தாக இருக்கும், இன்னொன்றில் 'த/பெ' என்று முழுதாக இருக்கும். ஐரோப்பிய வழக்கப்படி அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, தகப்பன் பெயரின் கீழ் கோப்பை அடுக்கியிருக்கவும் கூடும். சாதிப் பட்டம் ஒரு தாளில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போவதும் உண்டு.

இதனால் 'அப்படி ஒருவர் பதிவில் இல்லை' என்று பதில் வந்தால், உடனே முடிவுக்கு வரக்கூடாது. எல்லா எழுத்துக்கூட்டல்களையும் வரிசையாக எழுதி, தகப்பன் பெயரின் கீழும் தேடச் சொல்லி மீண்டும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் சேவை எண். பெயர் பத்து விதமாக எழுதப்பட்டாலும் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியும். பதக்க விளிம்பிலோ, விடுவிப்புச் சான்றிதழிலோ, சம்பளப் புத்தகத்திலோ அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

தேசியப் பதிவிலாகா கொடுத்த பத்திரத்தில் இருப்பவரும் படைப் பதிவில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம், அதாவது 'சூராட் அக்குவான் சும்பா' செய்து இணைப்பது உதவும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பிறந்த தேதி, சேர்ந்த ஊர், மனைவி பெயர் என்று இரண்டு மூன்று விவரங்கள் பொருந்திக் காட்ட வேண்டும்.

என்னென்ன ஆதாரம் சேரும்?

விடுவிப்புச் சான்றிதழும் சேவைப் புத்தகமும் முதல் இடம். அவை இல்லையென்றால் சம்பளத் தாள், மாற்றல் உத்தரவு, மருத்துவமனைச் சீட்டு, ஓய்வூதியக் கடிதம் ஆகியவை. படங்களின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இடமும் தேதியும் பென்சிலில் எழுதப்பட்டிருக்கும். குழுப்படமாக இருந்தால் உடன் நிற்பவர்கள் யார் என்று கேட்டு எழுதுவது நல்லது. அவர்களில் ஒருவருக்குப் பதக்கப் பதிவு இருந்தால், அதே பிரிவில் அதே காலத்தில் இருந்தவருக்கும் தகுதி இருந்திருக்கலாம் என்று வாதாட முடியும்.

வீரச்செயல் விருதாக இருந்தால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் பெயர் வந்திருக்க வாய்ப்புண்டு. அது இணையத்தில் தேடக்கூடியது. படையெடுப்புக்கான பொதுப் பதக்கங்களைப் பெற்றவர்கள் பெயர் கெஜட்டில் வராது. அங்கே பெயர் இல்லை என்பதால் பதக்கம் இல்லை என்று ஆகாது.

எங்கே எழுதுவது?

யாருடைய சம்பளத்தில் இருந்தார் என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் இங்கிலாந்துத் தற்காப்பு அமைச்சின் பதக்க அலுவலகம். இறந்தவர் சார்பில் நெருங்கிய வாரிசு விண்ணப்பிக்கலாம். இறப்புப் பத்திரமும் உறவுமுறைச் சான்றும் தேவை. அந்த அமைச்சிடமிருந்த சுமார் 97 லட்சம் பழைய சேவைப் பதிவுகளை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றும் வேலை 2022இல் தொடங்கியது. ஆகவே ஓரிடத்தில் இல்லையென்றால் மற்றொன்றில் கேட்க வேண்டும்.

எஸ்.சி.யாக இருந்தவர் மலாயாப் போலீசைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் இராணுவப் பதிவில் அவரைத் தேடுவது வீண். அரச மலேசியப் போலீஸ் படையிடம்தான் முதலில் கேட்க வேண்டும். மலேசியத் தரைப்படை, கடற்படை, ஆகாயப் படையில் இருந்தவர்களுக்கு ஜே.எச்.இ.வி. எனப்படும் முன்னாள் படைவீரர் விவகார இலாகா இருக்கிறது.

மூலப் பத்திரங்களைத் தபாலில் அனுப்பிவிடக் கூடாது. உறுதிசெய்யப்பட்ட நகல் போதும். சந்தையில் விற்கும் நகல் பதக்கத்தை வாங்கிப் பெயர் பொறித்துக்கொள்வதால் பதிவு திருந்தாது. அது பேரப்பிள்ளைகளுக்குக் குழப்பத்தைத்தான் மிச்சம் வைக்கும்.

தாமதமானாலும் கிடைத்தவை

அமெரிக்காவில் 1973 ஜூலை 12ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் இராணுவப் பதிவுக் காப்பகம் தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் எரிந்தன. நகல் கிடையாது. அதற்குப் பிறகு சம்பளப் பட்டியலையும், படைப்பிரிவுகள் தினமும் காலையில் எழுதிய வருகை அறிக்கையையும் வைத்துப் பலருடைய சேவையை மீட்டெடுத்தார்கள். விடுவிப்புத் தாளில் பதக்கம் விடுபட்டிருந்தால் அங்கே திருத்தத் தாள் ஒன்று தனியாகக் கொடுக்கப்படும். மேல்முறையீட்டுக்குத் திருத்த வாரியங்களும் உண்டு. பிழை தெரிந்த மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி என்றாலும், நியாயம் இருந்தால் காலக்கெடுவைத் தளர்த்துகிறார்கள்.

மூன்றாம் வகைக்கும் உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட அமெரிக்காவின் உச்ச வீர விருது கிடைக்கவில்லை. மறு ஆய்வுக்குப் பிறகு 1997இல் ஏழு பேருக்கு வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்து வாங்கினார். ஆஸ்திரேலியாவில் 1942 டிசம்பர் 1ஆம் தேதி மூழ்கும் கப்பலிலிருந்து சுட்டுக்கொண்டே இறந்த 18 வயது மாலுமி டெடி ஷீயனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்க 2020 ஆனது. குடும்பத்தாரும் ஆதரவாளர்களும் பல்லாண்டு விடாமல் கேட்டதால் வந்தது அது.

பதிவேடே இல்லாதவர்கள்

சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்கள் படையினர் அல்லர். அவர்களுக்குச் சேவை எண் இல்லை, பதக்கமும் இல்லை. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டவர்கள் என்பதால் அந்தச் சேவைக்குப் பிரிட்டிஷ் பதக்கம் எதுவும் பொருந்தாது. இவர்கள் கதையைக் குடும்பத்தார்தான் எழுதி வைக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது, ஆனால் காலம் குறைவு. 1950இல் 18 வயதில் எஸ்.சி.யாகச் சேர்ந்தவர் இன்று இருந்தால் 90 வயதைத் தாண்டியிருப்பார். அவரோடு காவல் நின்றவர்களும் அப்படியே. பதக்கத்தால் குடும்பத்துக்குப் பணம் வந்துவிடப் போவதில்லை. ஆனால் இந்நாட்டைக் காக்க இந்தியர்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்கும்போது, பாட்டி சொன்ன கதையோடு பதிவேட்டில் உள்ள ஒரு வரியையும் காட்ட முடியும். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், சேவை எண், படைப்பிரிவு, காவல் நின்ற தோட்டம், உடன் இருந்தவர் பெயர் என்ற நான்கையும் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.