வானொலிச் சங்கத்துக்கு அச்சிதழ் எதற்கு?

வானலைகளில் உரையாடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு அச்சிட்ட இதழ் தேவையா? இவ்வினாவுக்கு வரலாறு ஒரு விடை தருகிறது.

1914-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹைரம் பெர்சி மாக்சிமும் கிளாரன்ஸ் டஸ்காவும் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்றை நிறுவினர். அன்றைய சிறு நிலையங்களின் அலைகள் வெகுதொலைவு எட்டவில்லை. ஆகவே செய்தியை நிலையத்துக்கு நிலையம் கைமாற்றி அனுப்புவதே சங்கத்தின் நோக்கம். 1915 டிசம்பரில் அதன் உறுப்பினர்களுக்காகக் 'கியூ.எஸ்.டி.' என்னும் மாத இதழ் தோன்றியது. எல்லா நிலையங்களையும் அழைக்கும் தந்திக் குறியீடே அதன் பெயர்.

1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஆர்வலர் நிலையங்கள் மூடப்பட்டன, இதழும் நின்றது. 1919-இல் சங்கம் அவ்விதழை டஸ்காவிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதற்கான பணத்தைப் பழைய உறுப்பினர்களே கடனாகக் கொடுத்தனர். அலைபரப்பும் உரிமை அக்டோபரில்தான் திரும்பியது. இதழோ ஜூனிலேயே வெளிவந்துவிட்டது. வானலை ஊமையாக இருந்தபோது சங்கம் பேசியது தாளில்தான்!

2024 முதல் இச்சங்கத்தில் அச்சுப்படிக்குத் தனிக் கட்டணம் உண்டு. மின்னிதழ் சந்தாவிலேயே அடங்கும். தாளும் அஞ்சலும் விலையேறும் காலத்தில் இது நியாயமே. ஆயினும் அச்சை அறவே கைவிடுதல் தகாது. வானலைச் செய்தி அக்கணமே மறைகிறது. 1915-ஆம் ஆண்டு இதழையோ இன்றும் எக்கருவியுமின்றிப் படிக்கலாம். நூலகங்களுக்காகவேனும் சில படிகள் அச்சேறுதல் நன்று.